பழைய பலமும் புதிய முயற்சியும்: கல்லூரி விளையாட்டுத் துறையை நடத்துவோருக்கு ஒரு பாடம்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் வளர்ந்த இரண்டு பெண்களிடமிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

முதலாமவர் பவானி தேவி. 2004-ல் பள்ளியில் விளையாட்டில் சேரப் பெயர் கொடுக்கப் போனார். ஆறு விளையாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றில் இடம் நிரம்பிவிட்டது, மிச்சமிருந்தது வாள்வீச்சு. அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அன்றைக்கு நம் தெருக்களில் யாருக்கும் தெரியாது. மின்கருவி பொருத்திய வாளின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், பயிற்சியை மூங்கில் கழியில் செய்துவிட்டு வாளைப் போட்டிக்கு மட்டும் எடுத்தார்கள். பிற்பாடு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீரர் ஆனவர் இவர்தான். 2021-ல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15–3 என்ற கணக்கில் வென்றார்.

இரண்டாமவர் காசிமா. செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர் எடுத்தது நம் தெருமுனைகளில் விளக்கு வெளிச்சத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக ஆடிவரும் கேரம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்றிலும் தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.

ஒருவரை உருவாக்கியது ஒரு பள்ளி துணிந்து கொண்டுவந்த புதிய விளையாட்டு. மற்றவரை உருவாக்கியது பகுதியிலேயே ஊறியிருந்த பழைய விளையாட்டு. இப்போது ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் சிறு தொகையை எதில் போடுவீர்கள்? நம் அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளில் விளையாட்டு இடஒதுக்கீட்டில் சேர விரும்புவோர் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறார்கள். அவர்களின் பெற்றோருக்கும், கல்லூரி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் இந்தக் கேள்வி நேரடியாகச் சேரும்.

நிர்வாகவியலில் இதற்கு ஒரு பழைய விவாதம் உண்டு. ஜேம்ஸ் மார்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரையில், எந்த நிறுவனமும் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும் என்றார். தெரிந்ததை இன்னும் நன்றாகச் செய்து பலன் எடுப்பது ஒன்று, தெரியாததைத் தேடிப் போவது மற்றொன்று. முதல் வேலையின் பலன் சீக்கிரம் வரும், நிச்சயமாகவும் வரும். இரண்டாவதன் பலன் தாமதமாகும், வராமலும் போகலாம். அதனால் நிறுவனங்கள் இயல்பாகவே முதலாவதை நோக்கிச் சாய்ந்து, காலப்போக்கில் அதிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது அவர் கவலை.

நம் கல்லூரிகளில் நான் பார்த்தது இதற்கு நேர் மாறானது. இங்கே தெரிந்ததை மதிப்பதில்லை. புதியதைத் தேடுவதாகச் சொல்லி வாங்குவதைத்தான் செய்கிறோம். ஒரு கல்லூரியின் விளையாட்டுக் குழுவில் சில ஆண்டுகள் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக் குழு வரப்போகிறது என்றதும் கிரிக்கெட்டுக்குப் பந்து வீசும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். வலை கட்டிய பயிற்சித் தளம் அங்கே கிடையாது. தொடக்க விழாவில் முதல்வர் இரண்டு பந்து ஆடினார், புகைப்படம் எடுத்தார்கள், இயந்திரம் உறைக்குள் போய்விட்டது. அதை வைக்க இடம் வேண்டுமென்று மாடிப்படியின் கீழ் இருந்த மூன்று கேரம் பலகைகளைச் சுவரில் சாய்த்தார்கள். மழைக்காலம் முடிந்து பார்த்தபோது இரண்டு பலகைகள் வளைந்திருந்தன. வளைந்த பலகையில் காய் ஓடாது. அன்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

பலம் என்றால் என்ன என்று தெரியாததுதான் இந்தத் தவறின் வேர். அலமாரியில் இருக்கும் கோப்பைகளை எண்ணி அதுதான் பலம் என்கிறோம். கோப்பை போன வருடத்தின் விளைவு. பலம் என்பது ஒரு சங்கிலி. சின்னப் பையன் நின்று வேடிக்கை பார்க்க ஓர் இடம், அவனுக்குச் சொல்லிக் கொடுக்க மூத்தவர் ஒருவர், வீட்டுக்குக் கட்டுப்படியாகும் செலவு, வாரந்தோறும் மோத எதிராளிகள், கடைசியில் அந்த ஆட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையோ படிப்போ. இத்தனை கண்ணிகளும் சேர்ந்தால்தான் அது பலம்.

கேரமில் இந்தச் சங்கிலி நம் பகுதியில் முழுமையாக இருக்கிறது. சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 என இருமுறை உலகப் பட்டம் வென்று, 1996-ல் அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர் காசிமா. மூன்று தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒரே நகரத்தில் இருப்பதை எந்தக் கல்லூரியும் காசு கொடுத்து வாங்க முடியாது. அது ஏற்கெனவே வாசலில் நிற்கிறது.

கால்பந்தும் அப்படித்தான். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சும்மா சொல்லவில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகனான நந்தகுமார் சேகர் அங்கிருந்து கிளம்பி இந்திய அணிச் சட்டை போட்டார். 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல்தான் அந்த ஆட்டத்தின் முடிவு. அவருக்கு முன்னால் போனவர் தனபால் கணேஷ். இவர்களைத் தயார் செய்தது பள்ளி நேரம் முடிந்தபின் பிள்ளைகளைச் சேர்த்து, பந்தோடு படிப்பையும் கொடுத்த ஒரு சேவைச் சங்கம்.

குத்துச்சண்டையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் கதை வீட்டுக்கு வீடு தெரியும், 2021-ல் படமாகவும் வந்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. பெருமை அப்படியே இருக்கிறது, சங்கிலியில் பல கண்ணிகள் அறுந்துவிட்டன. சென்னையின் வி. தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றதற்குப் பிறகு, அந்த உயரத்தில் நம் பகுதிப் பெயர் எத்தனை முறை ஒலித்திருக்கிறது? பழைய பெயரைப் பலம் என்று நினைத்து அதன்மேல் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எது இன்னும் உயிரோடு இருக்கிறது, எது நினைவாக மட்டும் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே நிர்வாகியின் முதல் வேலை.

இனி எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் முதல் பட்டியலில் 17 விளையாட்டுகள் இருந்தன. குத்துச்சண்டை, கபடி, வாள்வீச்சு எல்லாம் உண்டு, கேரம் கிடையாது. நாக் தரமதிப்பீட்டிலோ பல்கலைக்கழக, மாநில, தேசிய அளவில் மாணவர்கள் பெற்ற பதக்கங்களை எண்ணுகிறார்கள். அதிலும் ஒரு விதி: குழு ஆட்டத்தில் வென்றால் பதினோரு பேர் ஆடியிருந்தாலும் அது ஒரே விருதுதான். கணக்கு தெரிந்த நிர்வாகி இதைப் பார்த்ததும் கால்பந்தைக் குறைத்து, எடை தூக்குதல், ஜூடோ, தடகளம் போன்ற தனிநபர் ஆட்டங்களைக் கூட்டுவார். ஒரு வண்டி நிறைய ஆட்களை ஏற்றிப் போய் ஒரு விருது வாங்குவதைவிட, நாலு பேரை அனுப்பி நாலு பதக்கம் வாங்குவது மலிவு.

இதைத் தவறு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. தரமதிப்பீடு குறைந்தால் கல்லூரிக்கு வரும் நிதி குறையும், அதன் பாரம் மாணவர் தலையில்தான் விழும். ஆனால் பதக்கக் கணக்கு மட்டுமே திட்டத்தைத் தீர்மானித்தால், கல்லூரி நம் தெருவை விட்டு விலகிப்போகும். பதக்கம் வெல்லக்கூடிய நாலு பேரை வெளியூரிலிருந்து கொண்டுவந்து விடுதியில் சேர்ப்பார்கள். கொருக்குப்பேட்டைப் பையன் மைதானத்து மதிலுக்கு வெளியே நிற்பான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் இந்தச் சிக்கலைச் சந்தித்த ஒருவர் இருந்தார். அமெரிக்கரான ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் இருக்கிறது. முதல் வகுப்பு நடந்ததோ நம்மிடமிருந்து நடக்கும் தூரத்தில், ஜார்ஜ் டவுன் எஸ்பிளனேடில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில். மாணவர்கள் ஐந்து பேர். பக் கொண்டுவந்தது அத்தனையும் அன்றைக்குப் புதிது. ஆடுவதைப் படிப்பாக்கியதே புதிது. ஆனாலும் இங்கே ஏற்கெனவே இருந்த தண்டால், பஸ்கி, கபடி போன்றவற்றை அவர் ஒதுக்கவில்லை, பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். வாய்வழியாகத் தெருவுக்குத் தெரு மாறிக்கொண்டிருந்த ஆட்டங்களுக்கு எழுத்தில் விதி வேண்டும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போன மேலாளரும் அவரே. புதிய வித்தை பழைய ஆட்டத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை, அதற்கு விதியும் அளவும் ஒழுங்கும் கொடுத்தது. நம் கல்லூரிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இதுதான் என்பது என் கருத்து. புதுமையைப் புது விளையாட்டாக மட்டும் பார்க்காதீர்கள். பழைய விளையாட்டைப் புதிய முறையில் நடத்துவதும் புதுமைதான், அதற்கு ஆகும் செலவும் குறைவு.

கேரமையே எடுத்துக்கொள்வோம். ஒரு கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, ஆட்டத்தை மேலிருந்து படம் பிடித்து, தவறிய காய்களை மறுநாள் மாணவியோடு உட்கார்ந்து பார்க்கலாம். எந்தக் கோணத்தில் அதிகம் தவறுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தால் மூன்று மாதத்தில் ஒழுங்கு ஒன்று தெரிய வரும். கால்பந்துக்காரர்களுக்கு ஓட்டத்தை அளக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான், முழங்கால் வலிக்கிறதா என்ற மூன்று கேள்விகளைத் தினமும் எழுதிவைத்தால் போதும். எண்ணூர் பக்கத்துப் பையன்களில் சிலர் இரவுப் பணி முடித்து நேராகப் பயிற்சிக்கு வருகிறார்கள். அது தெரியாமல் அவனைச் சோம்பேறி என்று திட்டுகிற பயிற்சியாளரை நான் பார்த்திருக்கிறேன். ரமலான் மாதத்தில் பயிற்சியை இஃப்தாருக்குப் பிந்திய நேரத்துக்கு மாற்றுவதும், கடினமான ஓட்டப் பயிற்சியைக் குறைத்து நுட்பப் பயிற்சியைக் கூட்டுவதும் இந்த வகைப் புதுமையே. செலவு ஒன்றுமில்லை, கேட்டறிந்து செய்யும் மனம்தான் வேண்டும்.

நம் பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால்பந்தில் தலையை மறைக்கும் துணி அணிய 2014-ல் அனுமதி வந்தது, கூடைப்பந்தில் 2017-ல் உலகச் சம்மேளனம் விதியை மாற்றியது. நம் பெற்றோரில் பலருக்கு இது இன்னும் தெரியாது. சில கல்லூரி விளையாட்டுத் துறைகளுக்கும் தெரியாது. பழைய விதியை நினைத்துக்கொண்டு பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாமல் இருப்பதும், அனுப்பியவளைத் திருப்பி அனுப்புவதும் இனி நடக்கக் கூடாது. கேரமுக்கு நம் வீட்டுப் பெண்கள் அதிகம் வருவதற்கு அது உள்ளரங்க ஆட்டம் என்பதும் ஒரு காரணம். உடை மாற்றத் தனி அறை, பெண் பயிற்சியாளர், மாலையில் வீடு திரும்ப வசதி ஆகியவை இருந்தால் மற்ற ஆட்டங்களுக்கும் வருவார்கள்.

அப்படியானால் முற்றிலும் புதிய விளையாட்டே வேண்டாமா? வேண்டும். பவானி தேவி இல்லாத வண்ணாரப்பேட்டையை யோசித்துப் பாருங்கள். ஆனால் அவர் கதையின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ஆரம்பம் இங்கே நடந்தது, தொடர்ச்சி இங்கே இல்லை. இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருந்ததால் கேரளத்தின் தலைச்சேரிக்குப் போனார், அங்குள்ள பிரென்னன் கல்லூரியில் படித்தார், பிறகு பயிற்சிக்காக இத்தாலி வரை போனார். தொடங்கிவைப்பது எளிது. இரண்டாம் ஆண்டில் யார் சொல்லிக் கொடுப்பார், மூன்றாம் ஆண்டில் யாரோடு மோதுவாள், படிப்பு முடிந்தபின் எங்கே போவாள் என்பதற்கு விடை இல்லாமல் ஒரு விளையாட்டைத் தொடங்குவது பிள்ளையின் மூன்று வருடத்தோடு சூதாடுவது.

புதியதைத் தேடும்போது பழைய பலத்தின் பக்கத்து வீட்டில் தேடுவது நல்லது. ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தின் உள்ளேயே பாய்மரப் படகுப் பயிற்சி நடக்கிறது. அங்கே பயின்றவர்கள் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார்கள். டோக்கியோவுக்குப் போன நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். துறைமுகத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் காசிமேடு இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லும் வீடுகள் இங்கே. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கம் பிறப்போடு வருகிறது. ஒரு கல்லூரி புதிய விளையாட்டு ஒன்றைத் தேடுகிறது என்றால், துப்பாக்கி சுடுதலுக்கு அறை கட்டுவதற்கு முன் இந்த மதிலைத் தாண்டி ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். படகு வாங்கச் சொல்லவில்லை. விடுமுறையில் பத்துப் பிள்ளைகளுக்கு இடம் கேட்கச் சொல்கிறேன். கடற்கரைக் கைப்பந்தும் மணல் கபடியும் இதே வகைதான்.

பணத்தைப் பிரிப்பது பற்றி ஒரு கணக்கு. எண்கள் புரிதலுக்காக மட்டும். துறையின் ஆண்டுத் தொகை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 லட்சத்தை உயிரோடு இருக்கும் இரண்டு பலங்களுக்கு ஒதுக்குவேன், அதில் பெரும்பகுதி பயணப்படிக்கும் உணவுக்கும் போகும். 1 லட்சம், இந்தப் பலங்களை நடத்தும் முறையை மேம்படுத்த: பயிற்சியாளரை வகுப்புக்கு அனுப்புவது, மாதம் இருமுறை இயன்முறை மருத்துவரை வரவழைப்பது, பலகைக்கும் பந்துக்கும் பராமரிப்பு. மீதி 50,000 ரூபாய்தான் முற்றிலும் புதியதற்கு. அந்த 50,000-மும் திரும்பி வராது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செலவிட வேண்டும், மூன்று ஆண்டுக்கு விடாமல் ஒதுக்க வேண்டும். முதல் ஆண்டுக் கடைசியில் பதக்கம் எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள் என்று மட்டும் கேட்கலாம். இந்தப் பங்கீட்டில் எனக்கும் சந்தேகம் உண்டு. அறுந்துபோன கண்ணியை ஒட்டவைக்க, அதாவது குத்துச்சண்டை போன்ற ஒன்றை மீட்க, இதில் எந்தப் பையிலிருந்து எடுப்பது என்பதற்கு என்னிடம் தெளிவான விடை இல்லை. ஓய்வு பெற்ற பழைய வீரர்கள் இலவசமாகவே சொல்லிக் கொடுக்க முன்வருவார்கள் என்பதும், அவர்களைக் கல்லூரி வாசலில் காவலாளி நிறுத்திவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடி காகிதத்தில் இருக்கிறது. அந்தக் குழுவில் நான் இருந்த காலத்தில் ஒரு மாணவி விளையாட்டு இடஒதுக்கீட்டில் சேர்ந்தாள். மாநிலப் போட்டி, தேசிய முகாம் என்று வெளியே போனபோது பணி நிமித்தம் என்று வருகைப் பதிவில் குறிக்க வேண்டிய கடிதம் துறையிலிருந்து வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. நான்காம் பருவத்தில் வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது, தேர்வு எழுத முடியவில்லை. அவள் கல்லூரிக்கு வாங்கித் தந்த கோப்பை கண்ணாடி அலமாரியில் இருந்தது. அவள் படிப்பை நிறுத்திவிட்டு மூலக்கடையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். அந்த ஆண்டு துறை வாங்கிய புதிய கருவிகளின் பட்டியல் ஆண்டறிக்கையில் அரைப்பக்கம் வந்தது.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும், எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அரசாணையில் இருக்கிறது. பிள்ளை முதலாண்டில் இருக்கும்போதே அதைப் படித்துச் சொல்ல வேண்டியது விளையாட்டுத் துறை. பட்டம் முடிந்தபின் தெரிந்து பயனில்லை.

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வரும்போது, விளையாட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் சான்றிதழ்கள் அனைத்தையும் இரண்டு நகல் எடுத்துவையுங்கள். உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்க்கும்போது என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். பயிற்சி எத்தனை மணிக்கு, யார் தருகிறார், போன ஆண்டு இதே ஆட்டத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று இறுதியாண்டில் இருக்கிறார்கள், போட்டிக்குப் போகும் நாளின் வருகைக் கடிதத்தை யார் கையெழுத்திட்டு யாரிடம் கொடுப்பார் என்றும் கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசாணையின் நகல் வேண்டுவோர் அறக்கட்டளை அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.